எட்டு நாள் என்றால் ஏழு: மெக்சிகோவுக்கு வேலைக்கு வரும் தமிழருக்கு

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ரெசிடென்தே தெம்போரால் (தற்காலிகக் குடியிருப்பு) விசாவோடு இறங்கினால் 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விமான நிலையத்தில் ‘கான்ஹே’ (விசாவை அட்டையாக மாற்றுவது), 30 நாள் என்று குறித்தார்களா என்பதைக் கவுண்டரை விட்டு நகரும் முன்பே பாருங்கள். சுற்றுலாப் பயணி என்று பதிந்துவிட்டால் பிறகு அலைச்சல்தான். அடுத்து கூர்ப் என்ற 18 எழுத்துள்ள அடையாள எண், வரிக்கு எர்ரெ எஃபே சே (RFC) என்ற 13 எழுத்துள்ள எண். சம்பளம் பல இடங்களில் 15ஆம் தேதியும் மாதக் கடைசியிலும் வரும். அதற்குப் பெயர் கின்சேனா. டிசம்பர் 20க்குள் குறைந்தது 15 நாள் சம்பளம் அகினால்தோவாக, அதாவது ஆண்டிறுதி போனஸாக, கிடைக்க வேண்டும், அது சட்டம்.

இதெல்லாம் கம்பெனியே சொல்லிக்கொடுக்கும். யாரும் சொல்லாமல் விடுவது பேச்சு வழக்கைத்தான். நம்மவர்கள் ஸ்பானிஷைக் காதில் வாங்கி, ஆங்கிலத்தில் மாற்றி, பிறகு புரிந்துகொள்கிறார்கள். கை சுடுவது அங்கேதான்.

வீட்டுக்காரரோ கேஸ் மெக்கானிக்கோ ‘தே ஓய் என் ஓச்சோ’ என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இன்றிலிருந்து எட்டு. திங்கள் 4ஆம் தேதி இதைச் சொன்னால் ஆங்கிலக் கணக்கில் செவ்வாய் 12 வரும். அவர் சொன்னதோ திங்கள் 11. ‘கின்சே தியாஸ்’ என்றாலும் இதே கதை: 15 நாள் என்று கூட்டினால் 19, அவர் மனதில் இருப்பது 18, அதாவது சரியாக இரண்டு வாரம். ‘தே மஞ்ஞானா என் ஓச்சோ’, நாளையிலிருந்து எட்டு, என்றால்தான் செவ்வாய் 12. ஒரு நாள் பிந்திப் போனால் சாவி வேறொருவர் கைக்குப் போயிருக்கும். கேஸ்காரர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருப்பார்.

காரணம் எளிது. இன்றையும் ஒரு நாளாகச் சேர்த்து எண்ணுகிறார்கள். நம் ஊரில் ‘ஞாயிறோடு ஞாயிறு எட்டு’ என்று சொல்லும் பாட்டிக்கு இது உடனே புரியும். பள்ளிக்கூட ஆங்கிலம் நமக்கு அதை மறக்கடித்திருக்கிறது என்பதுதான் வருத்தம்.

ஆனால் இந்தக் கணக்கை அரசுத் தாளுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே எண் என்றால் எண்தான். ‘தியாஸ் ஆபிலெஸ்’ என்று எழுதியிருந்தால் சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளைத் தள்ளி எண்ண வேண்டும். ‘தியாஸ் நாத்துராலெஸ்’ என்றால் எல்லா நாளும் சேரும். வாய்ப்பேச்சில் எப்போதும் கிழமையையும் தேதியையும் சேர்த்துத் திருப்பிக் கேளுங்கள்: ‘எல் லூனெஸ் ஓன்சே?’, திங்கள் 11தானே? பிறகு அதையே வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். மாதத்தை எழுத்தில் போடுங்கள். இங்கே நம்மைப் போல நாள்தான் முதலில் வரும், ஆனால் அமெரிக்கத் தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சலில் மாதம் முன்னால் நிற்கும்.

‘அவோரித்தா’வுக்கு அகராதி ‘இப்போதே’ என்று பொருள் சொல்லும். வீட்டிலிருந்து கிளம்பாமலே ‘இந்தா வந்துட்டேன்’ என்கிறோமே, அதுதான் இது. ஐந்து நிமிடமும் ஆகலாம், மாலையும் ஆகலாம். ‘லுவேகோ’ என்றால் பிறகு. அதையே இரட்டித்து ‘லுவேகோ லுவேகோ’ என்றால் மெக்சிகோவில் உடனடியாக. மேலாளர் இப்படி இரட்டித்துச் சொன்னால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

‘சனிக்கிழமை சு காசாவில் சாப்பாடு’ என்று ஒருவர் அழைத்தால், ‘உங்கள் வீட்டில்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு நீங்கள் சமைக்க உட்கார வேண்டாம். மரியாதைக்காகத் தம் வீட்டையே உங்கள் வீடு என்கிறார். ‘மே பாசா லா திரெக்சியோன்?’ என்று முகவரி கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஆங்கிலத்தை அப்படியே மாற்றிப் பேசுவதில் இன்னொரு ஆபத்து, மானம் போகும். புழுக்கமாக இருக்கிறது என்பதற்கு ‘எஸ்தோய் காலியென்தே’ என்றால் காம வேட்கை என்று பொருள். ‘தெங்கோ காலோர்’ என்பதே சரி. கூச்சத்தைச் சொல்ல நினைத்து ‘எம்பராசாதா’ என்றால் கர்ப்பிணி. தமிழிலிருந்து நேராகப் போனால் பல இடங்களில் வழி சுலபம். ‘மே குஸ்தா எல் கஃபே’, எனக்குக் காபி பிடிக்கும். ‘மே துவேலே லா கபேசா’, எனக்குத் தலை வலிக்கிறது. இரண்டிலும் நமக்குப் பழகிய அந்த ‘எனக்கு’ அப்படியே இருக்கிறது.

பழமொழிகளும் அப்படித்தான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பதை இவர்கள் குதிரைக்குச் சொல்கிறார்கள். குரைக்கிற நாய் கடிக்காது என்பது இங்கும் அச்சு அசலாக உண்டு. நமக்கு அல்வா சாப்பிடுவது போல என்றால் இவர்களுக்குப் ‘பான் கோமீதோ’, தின்று முடித்த ரொட்டி. கனமழைக்கு ஆங்கிலம் பூனையையும் நாயையும் இழுக்கும். இவர்கள் ‘யுவேவே அ காந்தாரோஸ்’ என்பார்கள். காந்தாரோ என்றால் குடம். ஊர் மழையை நினைத்து ஏங்கும் மாலையில் அந்தச் சொல்லைக் கேட்டால் மனம் நிறையும்.

தெருவில் யாராவது ‘ஆக்வாஸ்!’ என்று கத்தினால் தண்ணீரைத் தேடாமல் சட்டென்று ஒதுங்குங்கள். ஜாக்கிரதை என்று அர்த்தம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு: ‘நோ கோமோ கார்னே’ என்றால் போதாது. பேச்சு வழக்கில் கார்னே பெரும்பாலும் மாட்டிறைச்சிதான், அதனால் கோழியோ ஹாமோ (பதப்படுத்திய பன்றி இறைச்சி) தட்டில் வந்து நிற்கும். ‘நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்’ என்று கோழி, மீன், ஹாம் மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பீன்ஸிலும், மக்காச்சோள மாவை இலையில் சுற்றி அவிக்கும் தமாலிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சாதாரணம், ‘யேவா மந்தேக்கா?’ என்று கேளுங்கள். சிவப்புச் சோற்றைப் பல வீடுகளில் கோழிச் சாற்றில் வேகவைப்பார்கள், அதற்கு ‘யேவா கால்தோ தே போயோ?’ என்று தனியாகக் கேட்க வேண்டும்.