கூகுள்ல தேடுறதுக்கு முன்னாடி உங்க ரிப்போர்ட்ட கையில எடுங்க

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல்ல அழற்சியாகி புண் வர்ற நோய்னு சொன்ன அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம்ல உக்காந்தபடியே போன்ல தேட ஆரம்பிச்சேன், விடியறதுக்குள்ள எனக்கு கேன்சர் வந்து ஆபரேஷன் முடிஞ்சு வயித்துல மலம் சேர்ற பையும் மாட்டியாச்சு, எல்லாம் மனசுக்குள்ளயே. படிச்சதுல பாதி என் வியாதியே இல்லங்கிறது ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது.

அதனால முதல்ல பேர சரியா தெரிஞ்சுக்கங்க. ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) வேற, ஐபிடி (குடல் அழற்சி நோய்) வேற. ஐபிஎஸ்ல வலி, பேதி எல்லாம் நெஜம்தான், ஆனா குடல்ல புண் இருக்காது. ஐபிடில இருக்கும், அதுல ரெண்டு முக்கிய வகை, க்ரோன்ஸ்னா வாய்லேருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணா வரலாம், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னா பெருங்குடலோட சரி.

கொலைட்டிஸ்காரங்க கொலனோஸ்கோபி (கேமரா குழாய் விட்டு பெருங்குடல பாக்குற டெஸ்ட்) ரிப்போர்ட்ல ஈ1, ஈ2, ஈ3னு எழுதிருக்கான்னு பாருங்க, இல்லன்னா டாக்டர்ட்டயே கேளுங்க. ஈ1னா மலக்குடலோட நின்னுருக்கு, ஈ2னா இடது பக்கம் வரைக்கும், ஈ3னா அதையும் தாண்டிருச்சு. என்னோடது ஈ1. ஈ1க்கு பொதுவா முதல்ல குடுக்கறது ஆசனவாய்ல வைக்கிற மெசலமைன் மருந்துதான், குடல் கேன்சர் ரிஸ்க்கும் ஈ3 அளவுக்கு கெடையாது. நான் ராத்திரி பூரா படிச்சு அழுததெல்லாம் ஈ3 ஆளுங்களோட கதை!

அடுத்து கால்ப்ரொடெக்டின், மலத்துல பாக்குற டெஸ்ட். 50க்கு கீழன்னா பொதுவா நார்மல், 250க்கு மேலன்னா குடல்ல அழற்சி ஓடுதுன்னு சந்தேகப்படுவாங்க, ஆனா ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டாலே நம்பர் ஏறலாம், லேபுக்கு லேப் மாறவும் செய்யும். அதனால பழைய ரிப்போர்ட்டோட வச்சு பாருங்க, அடுத்தவங்க நம்பரோட ஒப்பிட்டு பயப்படாதீங்க.

எங்க படிக்கிறதுன்னா, அமெரிக்காவோட க்ரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் ஃபவுண்டேஷன், பிரிட்டன்ல க்ரோன்ஸ் அண்ட் கொலைட்டிஸ் யூகே, ரெண்டும் நோயாளிங்களுக்குன்னே எழுதுறாங்க. ஒரு மருந்து வேலை செய்யுதான்னு தெரியணும்னா காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள சேத்து அலசுற அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க ஆய்வுகள்ல எளிய சுருக்கம் இருக்கும், அத மட்டும் படிச்சா போதும். பக்கத்த கடைசியா எப்ப திருத்துனாங்கன்னு பாருங்க, இன்ஃப்ளிக்ஸிமாப்ங்கிற மருந்து க்ரோன்ஸுக்கு வந்ததே 1998லதான், அதுக்கப்புறம் ஏகப்பட்ட மருந்து வந்தாச்சு, பத்து வருஷம் முந்தின பக்கத்துல பாதி இருக்காது.

நோயாளிங்க குரூப்பும் வேணும்தான். கொலனோஸ்கோபிக்கு முந்தின நாள் குடிக்கிற மருந்த எப்படி உள்ள தள்றது, நீண்ட பயணத்துக்கு பையில என்ன வைக்கிறது, இதெல்லாம் அவங்கள விட்டா யாரும் சொல்ல மாட்டாங்க. டோஸ் மட்டும் அங்க கேக்காதீங்க, எவனாவது பொடி விக்க வந்தா வெளிய வந்துருங்க.

டாக்டர் முன்னாடி போய் உக்காந்ததும் எல்லாம் மறந்துரும். நான் ஒரு துண்டு சீட்டுல எழுதி எடுத்துட்டு போவேன்: ஒரு நாளைக்கு எத்தன தடவ போச்சு, ரத்தம் வந்துச்சா, ராத்திரி தூக்கத்துலேருந்து எழுப்புச்சா. கீழ மூணே கேள்வி, அதுல முக்கியமானது மேல. எப்பவும் இருக்குற ஒண்ணு, என்ன ஆனா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம கெளம்பி வரணும்னு. எனக்கு சொன்னது காய்ச்சல், வயிறு உப்பிப்போறது, நிக்காத ரத்தம். அந்த சீட்ட போன் கவருக்குள்ளயே சொருகி வச்சிருக்கேன்.