"படம் எப்படி?" என்று கேட்டால்: கருத்துச் சொல்வதில் நாம் செய்யும் தவறுகள்

முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறோம். கண் இன்னும் வெயிலுக்குப் பழகவில்லை. பைக் டோக்கனை எந்தப் பையில் வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்குள் அலைபேசியில் கேள்வி வந்துவிடுகிறது: "படம் எப்படி?" பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது. "முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை. கேமரா அருமை. எடிட்டிங்கில் இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம். ஒருமுறை பார்க்கலாம்."

இருபது ஆண்டுகளாக நானும் இதையேதான் சொல்லிவந்திருக்கிறேன். படத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும், எந்தப் படத்துக்கும் பொருந்தும். கோளாறே அங்கேதான் இருக்கிறது. இந்தப் பதிலில் நான் பார்த்த படம் எங்கேயும் இல்லை. தியேட்டரின் பழுது, ஊரார் பேச்சு, வசூல் கணக்கு, நாயகன் மீதுள்ள பிரியம் அல்லது எரிச்சல் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ள, படம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன். ஒன்றிரண்டை இன்னமும் விட முடியவில்லை.

தியேட்டரின் குற்றம், படத்துக்குத் தண்டனை

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "ஒளிப்பதிவாளர் படம் முழுக்க இருட்டிலேயே எடுத்திருக்கிறார், முகமே தெரியவில்லை" என்று நண்பர்களுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். ஒருவர் மட்டும் போடவில்லை. அவர் புரொஜெக்டர் அறையில் வேலை பார்த்தவர். "எந்தத் தியேட்டர், எந்த ஸ்கிரீன்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அங்கே விளக்கு மாற்றி நாளாயிற்றே" என்றார்.

அடுத்த வாரம் வேறு ஊரில் அதே படத்தை மறுபடி பார்த்தேன். இருட்டில் அம்மா தனியாக நிற்கும் காட்சி வந்தது. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. பல நாட்களாகத் தாள் கிழிக்கப்படாமல், கணவர் இறந்த தேதியிலேயே நின்றிருந்தது. முதல் முறை பார்த்தபோது அங்கே ஒரு சுவர் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் காட்சியை எடுத்தவரைத்தான் நான் திட்டித் தீர்த்திருந்தேன்.

திரையில் விழும் ஒளிக்கு ஓர் அளவு உண்டு. முப்பரிமாணம் அல்லாத சாதாரணப் படத்துக்கு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட அளவு. புரொஜெக்டரில் எரியும் செனான் விளக்கு பழசாகப் பழசாக மங்கும். புதிது வாங்கக் காசு செலவாகும் என்பதால் சில அரங்குகளில் அது சாகும்வரை எரிய விடுவார்கள். முப்பரிமாணக் கண்ணாடி மாட்டினால் இருக்கிற ஒளியும் இன்னும் குறையும்.

ஒலியிலும் இதே கதைதான். படத்தின் ஒலிக்கலவையைச் செய்பவர்கள் தங்கள் கூடத்தில் ஒலி அளவை 7 என்ற குறியில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். தியேட்டரிலும் 7 வைத்தால்தான் அவர்கள் கேட்டது நமக்கும் கேட்கும். யாரோ ஒருவர் சத்தம் அதிகம் என்று புகார் சொன்னால் அதை 5-க்கு இறக்கிவிடுவார்கள், சில இடங்களில் அதற்கும் கீழே. சண்டைக் காட்சி அதைத் தாங்கும். தாழ்ந்த குரலில் பேசும் வசனம் தாங்காது. பிறகு நாம், "நாயகி முணுமுணுக்கிறார், ஒன்றுமே புரியவில்லை" என்று எழுதுகிறோம்.

அதற்காக எல்லாப் பழியும் தியேட்டருக்கே என்றும் சொல்ல முடியாது. 2024-ல் கங்குவா வந்தபோது இரைச்சல் தாங்கவில்லை என்று புகார்கள் குவிந்தன. ஒலியை இரண்டு புள்ளி குறைத்து வைக்கும்படி தயாரிப்பாளர் தரப்பே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டது. அப்படியானால் குற்றம் யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. படத்துக்கு முன்னால் போடும் விளம்பரங்களையும் முன்னோட்டங்களையும் கவனியுங்கள். அவையும் சாம்பல் பூத்துத் தெரிந்தால் விளக்குதான் காரணம். அவை பளிச்சென்று இருந்து படம் மட்டும் இருட்டாக இருந்தால் தாராளமாக ஒளிப்பதிவாளரைக் கேளுங்கள்.

நீங்கள் பார்த்தது எந்தப் படம்?

மெய்யழகன் 2024 செப்டம்பரில் வெளிவந்தபோது ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடியது. சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் வெட்டினார்கள். முதல் நாள் பார்த்த நண்பர் "பேசிக்கொண்டே இருக்கிறார்கள், நீளம்" என்றார். இரண்டாம் வாரம் பார்த்தவர் "எங்கே நீளம்? கச்சிதமாக இருக்கிறதே" என்றார். ஒரு தேநீர் ஆறும்வரை இருவரும் சண்டை போட்டார்கள். இருவர் சொன்னதும் சரிதான், ஏனென்றால் இருவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. 2002-ல் வந்த பாபா, 2022 டிசம்பரில் மறுவெளியீடு கண்டபோது மறுபடி தொகுக்கப்பட்டே வந்தது. எனவே கருத்துச் சொல்லும்போது முதல் நாளா, வெட்டிய பிறகா, ஓடிடியிலா, தொலைக்காட்சியிலா, மொழிமாற்றமா என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

அலைபேசியில், பேருந்துப் பயணத்தில், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு "காட்சிகள் மனதில் நிற்கவில்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். நின்றால்தான் ஆச்சரியம்.

யார் செய்த வேலை?

"எடிட்டிங் சரியில்லை" என்பதைப் போல் தவறாகப் பயன்படும் வாக்கியம் வேறு இல்லை. படம் இழுத்தால் உடனே தொகுப்பாளர் சட்டையைப் பிடிக்கிறோம். ஓர் உதாரணம் பாருங்கள். நாயகனுக்கு வேலை போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்கிறான். அடுத்த காட்சியில் நண்பனிடம் சொல்கிறான். அதற்கடுத்து ஒரு பாட்டில் அதையே தெருவெல்லாம் நடந்து சொல்கிறான். மூன்றிலும் நமக்குக் கிடைத்த சேதி ஒன்றுதான். சலிப்பு வந்தது நீளத்தால் அல்ல, புதிதாக எதுவும் வராததால். இது எழுதும் மேசையில் நடந்த தவறு. தொகுப்பாளர் பாவம், மூன்றில் ஒன்றை எடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்திருப்பார், பாட்டுக்குச் செலவு செய்தாயிற்று என்று பதில் வந்திருக்கும். மாறாக, ஒரு சண்டையில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், அடி யார் மீது விழுந்தது என்று புரியாமல் கண் தடுமாறினால், அப்போது படத்தொகுப்பைப் பற்றிப் பேசலாம். எடுத்த விதத்துக்கும் அதில் பங்கு இருக்கும்.

கேமராவும் அப்படியே. மூணாற்றின் பனியை யார் எடுத்தாலும் அழகாகத்தான் இருக்கும். அது மலையின் பெருமை. "நாயகன்" படத்தில் வரும் மும்பைத் தாராவியில் பெரும்பகுதி, சென்னையில் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட். அந்தச் சந்துகளுக்குள்ளும் அடைசலான அறைகளுக்குள்ளும் ஒளியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம். அந்தப் படத்துக்காக இருவருக்குமே தேசிய விருது கிடைத்தது. "கேமரா அருமை" என்று எழுதுவதற்குப் பதிலாக எந்த அறை, எந்த வெளிச்சம், எந்த முகம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டினால் வாசிப்பவருக்கும் பார்க்கத் தோன்றும்.

நடிப்பைப் பேசும்போது குரலை மறந்துவிடுகிறோம். 96 படத்தில் ஜானு பேசும்போது நாம் கேட்பது த்ரிஷாவின் குரல் அல்ல, சின்மயியின் குரல். கண்ணும் முகமும் ஒருவருடையது, குரலின் தழுதழுப்பு இன்னொருவருடையது. அந்தக் கதாபாத்திரம் நம்மைக் கலங்கவைத்தது என்றால் அதில் இருவருக்கும் பங்கு உண்டு. அழுதால் நல்ல நடிப்பு, அழாவிட்டால் நடிக்கத் தெரியாது என்ற கணக்கையும் இத்தோடு விட்டுவிடலாம்.

"லாஜிக் இல்லை" என்பதற்கும் ஒரு வார்த்தை. ஒரே ஆள் இருபது பேரைப் பறக்கவிடும் படம், அப்படித்தான் நடக்கும் என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது. ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்தோம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. படம் தானே போட்ட விதியைத் தானே மீறுகிறதா? இருபது பேரை அடித்தவன், கதைக்குத் தேவை என்பதற்காக உச்சக்காட்சியில் இரண்டு பேரிடம் சிக்கிக்கொண்டால், அங்கே கேளுங்கள்.

பாதியிலேயே தீர்ப்பு

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றுகொண்டே "படம் தேறாது" என்று தட்டிவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது. விருமாண்டி (2004) அதை நிறுத்தியிருக்க வேண்டும். அதில் ஒரே சம்பவங்களைக் கொத்தாளத் தேவர் ஒரு விதமாகச் சொல்கிறார். பிறகு விருமாண்டி வேறு விதமாகச் சொல்கிறான். முதலில் சொல்பவரின் கதை முடிந்ததும் எழுந்து போனவர் எந்தக் கதையைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார்?

2024 நவம்பரில் நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் ரசிகர்களிடம் விமர்சனப் பேட்டி எடுக்க அனுமதிக்க வேண்டாம் என்று திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. டிக்கெட் வாங்கியவருக்குப் பேச உரிமை உண்டு. ஆனால் முழுப் படத்துக்குத்தானே டிக்கெட் வாங்கினோம்?

சொல்லாமல் சொல்லிவிடுவது

கொலைகாரன் யார் என்று போட்டு உடைப்பவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். அடித்து அடித்துத் திருத்தியாயிற்று. மிச்சம் இருப்பவர்கள் நல்லவர்கள், அதனால் இன்னும் ஆபத்தானவர்கள். "கடைசி இருபது நிமிடம் எதிர்பார்க்கவே மாட்டீர்கள், நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்பார்கள். கேட்டவர் அந்த நொடியிலிருந்து எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே படம் பார்ப்பார். திருப்பம் இருக்கிறது என்று சொல்வதே பாதித் திருப்பத்தைச் சொல்வதுதான்.

மகாராஜா (2024) பற்றி ஒருவர் என்னிடம் சொன்ன விதம் பிடித்திருந்தது. "முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் காவல் நிலையத்துக்கு வந்து, லட்சுமியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி யார் என்றால், அவர் வீட்டுக் குப்பைத் தொட்டி." அவ்வளவுதான். அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன்.

வசூலும் மதிப்பெண்ணும்

அன்பே சிவம் 2003 பொங்கலுக்கு வந்தது, ஓடவில்லை. இன்று அதைக் கொண்டாடாத ஆள் குறைவு. இதைச் சொல்லி, வசூல் ஒரு படத்தின் தரத்தைக் காட்டாது என்பார்கள். சரி. ஆனால் இதே உதாரணத்தை வைத்துக்கொண்டு ஓடாத படத்தையெல்லாம் "காலத்தைத் தாண்டிய காவியம்" என்று தூக்கிப் பிடிப்பதும் நடக்கிறது. ஓடாத படங்களில் பெரும்பாலானவை நன்றாக இல்லாததால் ஓடாதவைதான். போதாக்குறைக்கு, நம் ஊரில் சுவரொட்டியில் வரும் கோடிகளைக் கணக்குத் தணிக்கை செய்து பொதுவில் வைக்கும் ஏற்பாடும் கிடையாது. அந்த எண்ணை வைத்து ஒரு நட்பை முறித்துக்கொள்வானேன்?

மதிப்பெண் விஷயத்தில் நாம் வள்ளல்களாகிவிட்டோம். ஆனந்த விகடன் 1977-ல் 16 வயதினிலே படத்துக்குக் கொடுத்தது நூற்றுக்கு 62.5. அந்த எண்ணை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். பரீட்சையில் அப்பாவிடம் காட்டத் தயங்கும் மதிப்பெண் அது! இன்று தூங்காமல் பார்க்க முடிந்த படத்துக்கெல்லாம் ஐந்துக்கு நாலு கொடுக்கிறோம். நிஜமாகவே நல்ல படம் ஒன்று வந்தால் கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் மிச்சமில்லை.

"குடும்பத்தோடு பார்க்கலாம்"

கடைசியாக, நான் மிகச் சமீபத்தில் செய்த தவறு. இப்போதெல்லாம் யு/ஏ சான்றிதழில் 7+, 13+, 16+ என்று மூன்று வயதுப் பிரிவு இருக்கிறது. 2024-ல் வந்த ஏற்பாடு. டிக்கெட் எடுக்கும்போதே தெரியும், பார்த்தவர் சொல்லும்போதுதான் அது விட்டுப்போகிறது. அத்தை ஒரு நாள் அழைத்து, ஊரெல்லாம் பேசும் படம் எப்படி என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் "நன்றாக இருக்கிறது அத்தை, குடும்பத்தோடு பார்க்கலாம்" என்றேன். படம் 16+. அத்தை எட்டு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு போய்விட்டார். இடைவேளைக்கு முன் ஒரு கத்திக் காட்சி. எனக்கு அது நினைவிலேயே இல்லை, அவ்வளவு பழகிவிட்டது. பையன் அன்று இரவு முழுக்க விளக்கை அணைக்கவிடவில்லையாம்.

மறுநாள் காலை அத்தை மறுபடி அழைத்தார். கோபமெல்லாம் இல்லை, சந்தேகம் கேட்கிற குரல்தான்.

"நீ சொன்ன குடும்பத்தில் குழந்தைகளே கிடையாதா?"