பிரிட்டனில் முதல் செகண்ட் ஹேண்ட் பைக்: இன்சூரன்ஸை மட்டும் வேறொருவர் கையில் கொடுக்காதீர்கள்

லண்டனை விட்டு வெளியே எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் கொஞ்ச நாளிலேயே பைக் ஞாபகம் வந்துவிடும். கேர் ஹோமில் இரவு ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் பஸ் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். கார் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஊரில் வருஷக்கணக்காக ஸ்ப்ளெண்டர் ஓட்டிய கைக்கு ஒரு 125 சிசி வண்டி என்ன பெரிய விஷயம்? ஓட்டுவது பெரிய விஷயம் இல்லைதான். வண்டியைச் சுற்றியிருக்கும் காகித வேலைதான் இங்கே வேறு மாதிரி.

லைசென்ஸ் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் லைசென்ஸில் பைக்குக்கும் அனுமதி இருந்தால், இங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம் அதை வைத்தே ஓட்டலாம். அதற்குப் பிறகு செல்லாது. இந்திய, இலங்கை லைசென்ஸை இங்குள்ளதாக மாற்றியும் தரமாட்டார்கள். அதனால் வந்த கையோடு ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு (நம் எல்.எல்.ஆர். மாதிரி) டி.வி.எல்.ஏ. என்ற அரசு லைசென்ஸ் அலுவலகத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்துவிடுங்கள், 34 பவுண்டு. அடுத்தது சி.பி.டி. என்ற ஒருநாள் பயிற்சி. நம் ஊர் மாதிரி '8' போட்டுக் காட்டிவிட்டு வர முடியாது. கடைசியில் குறைந்தது 2 மணி நேரம் உண்மையான சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். இடது பக்கம் போவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் தோளுக்குப் பின்னால் தலையைத் திருப்பிப் பார்ப்பது நமக்குப் பழக்கமே இல்லை, அதை மட்டும் முன்கூட்டியே பழகிக்கொண்டு போங்கள். சான்றிதழ் 2 வருடம் செல்லும். அதை வைத்து 125 சிசி வரை, முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டி ஓட்டலாம். மோட்டார்வே கூடாது, பின்னால் ஆள் ஏற்றவும் கூடாது.

வண்டி பார்ப்பதும் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். செயின், ஸ்ப்ராக்கெட், டயர், எண்ணெய்க் கசிவு எல்லாம் எங்கேயும் ஒன்றுதான். இங்கே கூடுதலாக ஒரு வசதி உண்டு. வண்டி நம்பரை அரசின் இணையதளத்தில் போட்டால் எம்.ஓ.டி. என்னும் வருடாந்திர வண்டிச் சோதனையின் வரலாறு முழுக்க இலவசமாக வந்துவிடும். ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை மைல் ஓடியிருந்தது, எதில் தோற்றது என்று எல்லாமே இருக்கும். மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். வி5சி என்னும் லாக் புக், நம் ஆர்.சி. புக்குக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், அது வண்டியின் சொந்தக்காரர் யார் என்பதற்கு அத்தாட்சி இல்லை. பதிவில் இருப்பவர் யார் என்று மட்டும்தான் சொல்லும். அதில் உள்ள முகவரியிலேயே போய் வண்டியைப் பாருங்கள். ஃபிரேமில் அடித்திருக்கும் நம்பர் அதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். திருட்டு வண்டியா, கடன் பாக்கி உள்ள வண்டியா என்பதைக் காசு கொடுத்துச் செக் செய்யத் தயங்காதீர்கள். வாங்கியதும் வி5சியில் உள்ள பச்சை நிறத் துண்டைக் கிழித்து வாங்கிக்கொள்ளுங்கள். பழையவர் கட்டிய சாலை வரி உங்களுக்கு வராது, அந்தத் துண்டில் உள்ள எண்ணை வைத்து நீங்களே புதிதாகக் கட்ட வேண்டும்.

இனி இன்சூரன்ஸ். இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊரில் வண்டி கை மாறினால் மிச்சமிருக்கும் இன்சூரன்ஸும் கூடவே வரும், பெயர் மாற்றினால் போதும். இங்கே இன்சூரன்ஸ் வண்டியோடு வராது, ஆளோடுதான். விற்றவரின் பாலிசியில் நீங்கள் வீடு வரைகூட ஓட்டிப்போக முடியாது. அதனால் வண்டியை எடுப்பதற்கு முன்பே உங்கள் பெயரில் பாலிசி தொடங்கியிருக்க வேண்டும். விலையைப் பார்த்தால் மயக்கம் வரும். ஊரில் ஓட்டிய அனுபவத்தையும் நோ கிளெய்ம் போனஸையும் பெரும்பாலான கம்பெனிகள் கணக்கில் எடுப்பதில்லை. எல் போர்டு, புதிய முகவரி, இரவில் தெருவில் நிற்கும் வண்டி எல்லாம் சேர்ந்து சில இடங்களில் பாலிசியின் விலை வண்டியின் விலையைத் தொட்டுவிடும். மாதத் தவணை என்பது இங்கே ஒரு கடன். வந்த புதிதில் நமக்குக் கிரெடிட் ஹிஸ்டரி கிடையாது, தவணை மறுக்கப்படும். முழுப் பணத்தையும் ஒரே மூச்சில் கட்டு என்பார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாட்ஸாப் குழுவில் ஒரு குரல் வரும்: "தம்பி, நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், பாதி விலைக்கு முடிச்சுத் தருவார்."

என்னோடு ஒரே வீட்டில் இருந்த தம்பிக்கு அப்படித்தான் முடித்துக் கொடுத்தார்கள். போனில் பேசியவர் சுத்தமான தமிழில், எந்த ஊர், அம்மா அப்பா சௌக்கியமா என்று விசாரித்த மனிதர். பணம் போன அன்றே பாலிசி வந்தது. பெரிய கம்பெனியின் பெயர், இவனுடைய பெயர், வண்டி நம்பர், எல்லாம் சரி. இவனும் சும்மா நம்பவில்லை. மோட்டார் இன்சூரன்ஸ் தரவுத்தளத்தில் தன் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தான், இன்சூரன்ஸ் இருப்பதாகத்தான் காட்டியது. அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்?

சில வாரம் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் போலீஸ் வண்டியின் கேமரா நம்பரைப் படித்து நிறுத்தியது. இன்சூரன்ஸ் இல்லை என்றார்கள். போனில் இருந்த பாலிசியைக் காட்டினான். கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டதில், எடுத்த சில நாளிலேயே அந்தப் பாலிசி ரத்தாகியிருந்தது. நடந்தது இதுதான்: அந்த ஆள் உண்மையாகவே பாலிசி எடுத்திருக்கிறார், ஆனால் வயது, முகவரி, லைசென்ஸ் எல்லாவற்றையும் பொய்யாக மாற்றி விலையைக் குறைத்து. இங்கே வருடப் பாலிசியை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தி ரத்து செய்து, பணத்தைத் தன் கார்டுக்கே திரும்ப வாங்கிக்கொண்டார். ரத்துக் கடிதம் போனதும் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான்.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் சட்டம் கேட்காது. 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. 3 வருடத்துக்குள் 12 சேர்ந்தால் ஓட்டவே தடை, அதில் பாதி இப்படிப் போயிற்று. வண்டியை அள்ளிக்கொண்டு போனார்கள். மீட்கக் கட்டணம், நிறுத்தி வைத்த ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம், அதற்கு முதலில் புது இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். பறிமுதலான வண்டியை எடுக்கப் பல சாதாரணப் பாலிசிகள் செல்லவே செல்லாது, அதற்கென்று தனியாக எடுக்க வேண்டும். அந்தப் புள்ளி 4 வருடம் லைசென்ஸில் இருக்கும், புதிதாக எடுக்கும் இன்சூரன்ஸ் எல்லாம் விலை ஏறும். அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் அவன் இதையெல்லாம் கட்டினான். அந்தப் போன் நம்பர் அதற்குள் அணைந்துபோயிருந்தது. தமிழில் பேசி ஒருவனைக் கவிழ்த்தார்களே என்பதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த ஒரு குரல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரிந்தே செய்கிறார்கள்.

இதற்கு வழி, இன்சூரன்ஸை நீங்களே உட்கார்ந்து எடுப்பதுதான். ஒப்பீட்டு இணையதளத்திலோ கம்பெனியின் தளத்திலோ உங்கள் சொந்த மின்னஞ்சல், உங்கள் போன் நம்பர், உங்கள் கார்டு. நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலம் புரியவைக்கலாம், அவருடைய மின்னஞ்சலைப் போடக் கூடாது. தரகர் வழியாகத்தான் என்றால், எஃப்.சி.ஏ. என்ற நிதித் துறைக் கண்காணிப்பு அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று தேடி, அங்கே உள்ள நம்பருக்குக் கூப்பிடுங்கள், அவர் கொடுத்த நம்பருக்கு அல்ல. பாலிசி வந்ததும் கம்பெனியை நேரடியாக அழைத்து, உங்கள் பிறந்த தேதி, முகவரி, லைசென்ஸ் வகை என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். தரவுத்தளத்தை 14 நாள் கடந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள். முதல் நாள் பார்த்ததை நம்பித்தான் அவன் மாட்டினான்.

பாலிசியில் எதற்காக ஓட்டுகிறீர்கள் என்ற வரியையும் படியுங்கள். சொந்த உபயோகம் மட்டும் என்றிருந்தால் வேலைக்குப் போய் வருவதுகூட அதில் சேராது. சாப்பாடு டெலிவரிக்குத் தனி வகை இன்சூரன்ஸ் வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர்கள் டெலிவரி ஆப்பில் ஓட்டவே கூடாது, அது சுயதொழில் கணக்கு. அடுத்தவர் அக்கவுண்டை வாடகைக்கு எடுத்து ஓட்டினால் விசாவே போகும்.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது எடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே கம்பெனியை அழைத்துக் கேளுங்கள். பதில் வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள். போலீஸ் பிடித்துவிட்டால், கையில் கொடுத்த அபராதத்தை அவசரப்பட்டுக் கட்டாமல் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். உண்மையிலேயே ஏமாற்றப்பட்டீர்கள் என்று மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டால் புள்ளி போடாமல் விடச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு அந்த ஆளோடு பேசிய வாட்ஸாப் செய்திகளும் பணம் போன வங்கிப் பதிவும் வேண்டும். வெட்கப்பட்டு அவற்றை அழித்துவிடாதீர்கள்.