'ஷெர்த்' என்ற சத்தியம்: வரலாறு படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

16, 17ஆம் நூற்றாண்டுகளில் மாஸ்கோவின் ஆட்சி சைபீரியாவுக்குள்ளும் தெற்குப் புல்வெளிகளுக்குள்ளும் பரவியது. போகிற இடமெல்லாம் ஜாரின் ஆட்கள் அங்கிருந்த மக்களிடம் ஒரு சத்தியம் வாங்கினார்கள். கிறிஸ்தவர் என்றால் சிலுவையை முத்தமிட வேண்டும். மற்றவர்கள் செய்தது ஷெர்த்.

இதை 'விசுவாசப் பிரமாணம்' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும் கூட. அரபியின் 'ஷர்த்' துருக்கிய மொழிகள் வழியாக ரஷ்யாவுக்குப் போய் ஷெர்த் ஆனது. நம் பத்திரங்களில் வரும் 'ஷரத்து'ம் அதே சொல்தான். நிபந்தனை என்று பொருள். நீ இதைச் செய், நான் அதைச் செய்கிறேன் என்கிற பேச்சு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மாஸ்கோ எழுத்தர்களோ ஜாரின் 'உயர்ந்த கரத்தின் கீழ்' என்றென்றும் அடங்கி நடப்பதாக எழுதிக்கொண்டார்கள்.

வோல்கா ஆற்றுப் புல்வெளிகளில் கால்நடை மேய்த்த கல்மிக்குகளின் கதையில் இது நன்றாகத் தெரியும். 1655இல் அவர்கள் தலைவர்கள் ஷெர்த் செய்தார்கள். மாஸ்கோவின் கணக்கில் அன்றோடு அவர்கள் குடிமக்கள். அவர்கள் கணக்கில் அது பரிசும் சந்தை வசதியும் கிடைக்கிற கூட்டணி. நூறாண்டு கழித்து, மேய்ச்சல் நிலத்தில் குடியேற்றம் பெருகி, அவர்கள் மன்னரான கானின் அதிகாரத்திலும் ரஷ்ய அரசு கைவைத்தது. 1771இல் பெரும்பகுதி மக்கள் வோல்காவை விட்டு, இன்றைய சீனாவின் வடமேற்கிலுள்ள சுங்காரியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். ரஷ்ய ஆவணங்களை மட்டும் படித்தால் இது துரோகம். ஷரத்து மீறப்பட்டது என்று பார்த்தால் கதையே வேறு.

சடங்கை வேடிக்கையாகப் பார்ப்பது இன்னொரு தவறு. மேற்குச் சைபீரியாவின் ஹந்தி (Khanty) பழங்குடி மக்கள் கரடித்தோல், கோடாலி முன்னால் நின்று, கத்தி முனையில் நீட்டிய ரொட்டியைத் தின்று சத்தியம் செய்தார்கள். பொய்யானால் கரடி கிழிக்கட்டும் என்று அர்த்தம். இதைக் கேட்டு வாங்கியதே ரஷ்ய அதிகாரிகள்தான். கரடிக்குப் பயப்படுகிறவனிடம் சிலுவையை நீட்டி என்ன பயன்?

அப்புறம், வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எந்த ரஷ்யக் கோட்டையும் நடக்கவில்லை. தலைவர்களின் மகன்களையும் தம்பிகளையும் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். அவர்களுக்குப் பெயர் 'அமானத்'; நம் பழைய கணக்குகளில் வரும் 'அமானத்து'தான். பொருளுக்குப் பதில் மனிதர். உறவினர்கள் 'யசாக்' எனும் வரியை, பெரும்பாலும் சேபிள் என்ற சிறு விலங்கின் மென்மயிர்த் தோலாக, கொண்டுவந்து கட்ட வேண்டும். யசாக்கையும் அமானத்தையும் விட்டுவிட்டு ஷெர்த்தை மட்டும் பேசும் கட்டுரைகள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

தலைவர் சத்தியம் செய்தால் மக்கள் எல்லாரும் செய்ததாகிவிடாது. 1731இல் கசாக்கியரின் மூன்று பெரும் பிரிவுகளில் ஒன்றான இளைய ஜூஸைச் சேர்ந்த அபுல்கைர் கான், பேரரசி அன்னாவுக்குச் சத்தியம் செய்தபோது அவருடைய பெரியவர்களே பலர் கொதித்தார்கள்.

சரி, அப்படியானால் எல்லாமே ஏமாற்றுதானா? அதுவும் தவறு. காக்கசஸ் மலைப் பகுதியிலுள்ள கபர்தாவின் இளவரசர் தெம்ரூக்குக்கு கிரிமியக் கானை எதிர்க்க ஒரு துணை தேவைப்பட்டது. 1557இல் மாஸ்கோவோடு உறவு வைத்தார், 1561இல் மகளை ஜார் நான்காம் இவானுக்கு மணமுடித்தும் கொடுத்தார். கணக்குப் போட்டுச் செய்த காரியம். இதையே 1957இல் சோவியத் அரசு 'தானாக முன்வந்து இணைந்த' 400ஆம் ஆண்டு என்று விழா எடுத்தது. அந்தச் சொற்றொடரை அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

எல்லாரும் பணிந்தார்கள் என்றும் எழுத வேண்டாம். சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் 1747இல் ரஷ்யப் படைத் தலைவர் மேஜர் பாவ்லுத்ஸ்கியையே கொன்றார்கள். பேரரசின் 1822ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை 'முழுமையாகச் சாராதவர்கள்' என்று வகைப்படுத்தியது. எவ்வளவு யசாக், எப்படிப்பட்ட தோல் என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம் என்றும் அதிலேயே எழுதி வைத்தது.