சமவெளி ரயிலைப் பனிமலைக்கு அனுப்பும் முன் என்னென்ன செய்ய வேண்டும்

2008 அக்டோபரில் காஷ்மீர் பள்ளத்தாக்கில் முதல் ரயில் பாதை திறந்தபோது அங்கே ஓடிய டெமு (டீசலில் ஓடும் குறுந்தூர ரயில்) பெட்டிகள் சென்னை பெரம்பூரில் உள்ள ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்தவை. 2025 ஜூன் 6 அன்று கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே தொடங்கிய வந்தே பாரத்தும் ஐசிஎஃப் தயாரிப்புதான். வியர்வை வழியும் ஊரில் உருவான வண்டி பனியில் ஓடுகிறது என்பது பெருமையான விஷயம். ஆனால் அது சும்மா நடந்துவிடாது. உங்கள் கையில் சமவெளிக்காக வரைந்த ஒரு குறுந்தூரப் பயணி ரயில் இருக்கிறது, அதைப் பனிக்குத் தயார் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடங்குவது?

ஹீட்டரிலிருந்து தொடங்காதீர்கள். பனியில் வண்டியை நிறுத்திப்போடுவது பெரும்பாலும் ஈரம்தான். ஒரேயடியாக மைனஸ் 30-இல் கிடக்கும் ஊரில் பனி மாவு மாதிரி உதிர்ந்துவிடும். காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் 'சில்லாய் கலான்' என்கிறார்கள், உச்சக் குளிர் அப்போதுதான். இரவில் மைனஸ் 5-க்கும் கீழே போகும், பகலில் வெயில் அடித்தால் பூச்சியத்துக்கு மேலே வரும். பகலில் உருகிய தண்ணீர் இடுக்குகளில் இறங்கி இரவில் கல்லாகிவிடும், மறுநாளும் அதே கதை. அதனால் முதல் வேலை, பாதையின் மிகக் குறைந்த வெப்பநிலையோடு சேர்த்து, ஒரு குளிர்காலத்தில் எத்தனை முறை பூச்சியத்தைத் தாண்டி ஏறி இறங்குகிறது என்பதையும் எழுதி வைப்பது. ஐரோப்பியத் தரநிலையில் டி1 என்றால் மைனஸ் 25 வரை, டி2 என்றால் மைனஸ் 40 வரை. உதிரிபாகம் வாங்கும்போது இந்த வகுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, வண்டிக்குள் தண்ணீர் எங்கெல்லாம் இருக்கிறது என்று தலை முதல் கால் வரை ஒரு படம் போடுங்கள். கூரைத் தொட்டி, கழிவறைக் குழாய், பயோ டாய்லெட் தொட்டி, கண்ணாடி கழுவும் தண்ணீர். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும், குழாய் வெடிக்க அது போதும். ஸ்ரீநகர் வந்தே பாரத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு சிலிக்கோன் ஹீட்டிங் பேட் ஒட்டியிருக்கிறார்கள், குழாய்களையும் பயோ டாய்லெட்டையும் சூடாக்கும் ஏற்பாடும் உண்டு. நல்ல வழி, ஆனால் மின்சாரம் இருக்கும்வரைதான். ஆகவே குழாய்களைச் சாய்வாகப் போட்டு, மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வையுங்கள். இரவில் மின்சாரம் இல்லாமல் நிற்கப்போகிற வண்டியில் ஒரே ஆள் பத்து நிமிஷத்தில் எல்லாத் தண்ணீரையும் வடித்துவிட முடிய வேண்டும். வளைவாகத் தொங்கி நடுவில் தண்ணீர் தேங்கும் குழாய் ஒன்று இருந்தால்கூட, ஜனவரியில் அது உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணில் படாத தண்ணீர் பிரேக் காற்றில் இருக்கிறது. கம்ப்ரசர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் பிரியும். மெல்லிய குழாயிலோ வால்வின் சின்னத் துளையிலோ அது உறைந்தால் பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. இரண்டுமே ஆபத்து. இரட்டைக் கோபுர ஏர் டிரையர் கட்டாயம் வேண்டும். ஒரு கோபுரம் ஈரத்தை உறிஞ்சும்போது மற்றது தன்னை உலர்த்திக்கொள்ளும். ஈரத்தை வெளியே துப்பும் வால்வுதான் முதலில் உறையும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு சிறு ஹீட்டர் வையுங்கள். காற்றுத் தொட்டியின் வடிகாலைத் தினமும் திறந்து பார்ப்பதைப் பணிப்பட்டியலில் எழுதிவிடுங்கள். பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையே பனிக்கட்டி படிந்தால் நிற்கும் தூரம் நீண்டுவிடும். பனி பெய்யும்போது லோகோ பைலட் அவ்வப்போது லேசாகப் பிரேக் போட்டுச் சூடு ஏற்றிக்கொள்ள வேண்டும். யார்டுக்குள் நுழையும் முன்பும் அதே மாதிரி உலர்த்திவிட்டு, பிறகு சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைத்து நிறுத்துங்கள். ஈரமான பிரேக் கட்டையை இறுக்கிப்பிடித்தபடி விட்டால் காலையில் சக்கரம் சுழலாமல் இழுபட்டுத் தட்டையாகிவிடும்.

சரி, இப்போது பனித்தூள். ஓடும் வண்டி தூக்கிவிடும் மெல்லிய தூளை மோட்டார் குளிர்விக்கும் காற்றோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே உருகி, சுருளில் ஈரம் இறங்கி, மின்கசிவு வரும். ஜப்பானில் 1982-இல் தொஹோகு ஷின்கான்சென்னுக்கு வந்த 200 வரிசை வண்டியில் அடிப்பக்கத்தை முழுவதும் மூடினார்கள், உள்ளிழுக்கும் காற்றிலிருந்து பனியைச் சுழற்றிப் பிரித்துத் தள்ளும் அமைப்பும் வைத்தார்கள். குறுந்தூர வண்டிக்கு அவ்வளவு வேண்டியதில்லை. காற்று உள்ளே போகும் வாயை அடியிலிருந்து கூரைப் பக்கம் மாற்றுங்கள், வாயை அகலமாக்குங்கள். காற்று மெதுவாகப் போனால் பனி தானே கீழே விழுந்துவிடும். அப்புறம், குளிர்ந்த வண்டி பீர் பஞ்சால் சுரங்கம் போன்ற 11 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் போய் அங்குள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் சந்தித்தால் ஜில்லென்ற உலோகத்திலெல்லாம் முத்து முத்தாக நீர் படியும். மின்பெட்டிகளில் காற்றுப் புகாத அடைப்பும் சிறு ஹீட்டரும் இதற்காகத்தான்.

சூட்டுக்கு ஒரு தோராயக் கணக்கு. 20 மீட்டர் நீளப் பெட்டியின் மேற்பரப்பு சுமார் 250 சதுர மீட்டர். வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 30 டிகிரி. சுமாரான காப்பு உள்ள பெட்டியில் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 2 வாட் என்று வைத்தால் 15 கிலோவாட். நூறு பேருக்குத் தலைக்கு மணிக்கு 10 கனமீட்டர் புதுக்காற்று சூடாக்க இன்னொரு 10. பயணிகளின் உடல் சூடும் ஏறக்குறைய 10 கிலோவாட் வரும், ஆனால் அதைக் கழிக்காதீர்கள், விடியற்காலை முதல் வண்டி காலியாகத்தான் கிளம்பும். கதவு திறப்பதால் போவதை இதில் சேர்க்கவே இல்லை. குறுந்தூர ரயிலுக்கு அதுதான் பெரிய ஓட்டை. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் ஓடிய கிஹா 40 டீசல் பெட்டிகளில் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே தடுப்புச் சுவர் வைத்து, சன்னலை இரட்டையாக்கினார்கள். பயணி பட்டன் அழுத்தினால் மட்டும் அந்தக் கதவு திறக்கும் ஏற்பாடும் வையுங்கள். எல்லா நிறுத்தத்திலும் எல்லாக் கதவும் திறப்பது குளிர்நாட்டில் வீண். வாசற்படிக்கு அடியில் ஹீட்டர் கம்பி போட மறக்காதீர்கள், படியில் வழுக்கி விழுவது பெரியவர்கள்தான்.

முகப்பில் பனி வெட்டும் தகடு, சூடேறும் முன்கண்ணாடி, பெட்டிகளை இணைக்கும் கப்ளருக்கு மூடி. எல்இடி முகப்பு விளக்கு போட்டிருந்தால் அதன் கண்ணாடிக்கும் சூடு கொடுங்கள். பழைய பல்பு தன் சூட்டிலேயே பனியை உருக்கியது, எல்இடி உருக்காது. ரப்பர், கிரீஸ், கியர் எண்ணெய் எல்லாவற்றையும் குளிர்த் தரத்துக்கு மாற்றுங்கள், பேட்டரி நிக்கல்-காட்மியமாக இருந்தால் நல்லது. போகியில் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) கட்டிக்கொள்ளும் பனிக்கட்டியைச் சுடுநீரால் கழுவினால் அந்தத் தண்ணீரே மறுபடி உறையும். சுவீடனில் எளிதில் உறையாத புரோப்பிலீன் கிளைகோல் என்ற திரவத்தைச் சூடாக்கிப் பீய்ச்சுகிறார்கள்.

சோதனைக்கு வியன்னாவில் மைனஸ் 45 வரை போகும் 100 மீட்டர் நீளக் குளிர்க்கூடம் இருக்கிறது. அதற்குக் காசு இல்லையென்றால் ஜனவரியில் வண்டியை மின்சாரம் அணைத்துத் திறந்த வெளியில் பத்துமணி நேரம் நிறுத்துங்கள். கதவு இடுக்கிலும் கப்ளரிலும் தண்ணீர் தெளித்துவிட்டு நிறுத்துங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு வழக்கமான இரண்டு ஆள் மட்டும் போய், எத்தனை நிமிஷத்தில் அதைப் பயணிகளுக்குத் தயாராக்க முடிகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். எந்தக் கதவு கடைசியாகத் திறந்தது, எந்த வால்வு அடம்பிடித்தது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.