இளைஞர் வகுப்பு நடத்துகிறவர்கள் விடும் பிழைகள்

போன மாதம் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் ஒரு இளைஞர் பயிற்சியை எட்டிப் பார்த்தேன். நடத்தியவர்கள் புதியவர்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நான் விட்ட பிழைகள் ஒன்று குறையாமல் அங்கே இருந்தன. கத்தக்கூடாது, பட்டப்பெயர் சொல்லக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுவோம்.

"ஆர்வமில்லை" என்று எழுதுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். அதே ஊரில் சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு வைத்தேன், இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை. மண்டூர்ப் பக்கத்திலிருந்து (வாவிக்கு மேற்குக் கரை, படுவான்கரை என்போம்) முதல் கிழமை பன்னிரண்டு பேர். மூன்றாம் கிழமை நாலு பேர். "படுவான்கரை இளைஞர்களிடம் ஆர்வம் குறைவு" என்று அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த வருடம் அந்தப் பக்கத்துக்கு வகுப்பே ஒதுக்கவில்லை.

பிறகு கோயில் திருவிழாவில் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியைக் கண்டேன். "ஐந்தரைக்கு விட்டா, குருமண்வெளித் துறைக்கு வந்து பாதை ஏறி அங்கால இறங்க இருட்டிரும் சேர். யானை வாற நேரம். ரெண்டு கிழமை அப்பா சைக்கிளோட காத்து நிண்டாரு. பிறகு வேளாமை வெட்டு, அவருக்கு ஏலாது." (பாதை என்றால் எங்கள் பக்கம் வாவியைக் கடக்கும் மிதவை.)

ஒரு மணித்தியாலம் முந்தி விட்டிருந்தால் போதும். வராத எட்டுப் பேரில் ஒருவருக்காவது நான் கோல் எடுக்கவில்லை.

இப்போது திகதி குறிக்க முன் மூன்று விஷயம் கேட்பேன்: எதில் வருவீர்கள், எத்தனை மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும், கூட்டிப்போக யார் வருவார். அப்புறம், மண்டபத்து மலசலகூடத்தின் உள்கொளுக்கியை நானே போட்டுப் பார்ப்பேன். ஏன் என்று பெண் பிள்ளைகளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நண்பகல்

காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் வைக்காதீர்கள், ஜும்ஆத் தொழுகை நேரம்.

முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது

ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்களுடைய கருத்துக்கு உரிய மதிப்புக் கொடு என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. போன மாதம் பார்த்த பயிற்சியில் அதை அழகாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகளிடம் கேட்டதோ ரீசேர்ட்டின் நிறத்தை மட்டும்.

நம்பிச் சொன்னதைத் தாயிடம் ஒப்புவிப்பது

செய்தால் அந்தப் பிள்ளை திரும்ப வாய் திறக்காது. அடி, துன்புறுத்தல் என்றால் கதை வேறு. அதை மறைக்க ஏலாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், சிறுவர் உதவிக்கான 1929 தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள்.

படம் எடுப்பது

கேட்டுவிட்டு எடுங்கள். முகநூலில் போட இன்னொரு தரம் கேளுங்கள்.