வெட்டி வெட்டி ஒலித்த கடைசிப் பாடல்கள்

அம்மா சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிச் சேர்த்த பக்திப் பாடல் சிடிகளைக் கணினிக்கு மாற்றினேன். சிலவற்றில் கடைசிப் பாடல்கள் மட்டும் வெட்டி வெட்டி ஒலித்தன. மென்பொருளோ எல்லாம் சரியாக முடிந்ததாகச் சாதித்தது!

வேகமாகப் படிக்கும் முறைதான் காரணம். தரவு சிடியில் பிழை திருத்த இன்னொரு அடுக்கு உண்டு. பாடல் சிடியிலோ ஒவ்வொரு பகுதியின் 2,352 பைட்டுகளும் இசைக்கே போய்விடுகின்றன. படிக்க முடியாத இடத்தை டிரைவ் ஊகித்து நிரப்பிவிடும். ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ மென்பொருளின் பாதுகாப்பு முறை, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. அதற்கு மாறி, வேகத்தையும் குறைத்தேன். மெதுவாகத்தான் ஓடும், ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

கடைசிப் பாடல்கள் இருப்பது வெளி விளிம்பில். விரல் படுவதும் அங்கேதான். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி, தொடர்ச்சியாகத் தரவைக் கெடுக்கும்.

அதற்கும் மசியாத ஒரு சிடியை விளக்குக்கு நேரே பிடித்தேன். பெயர் அச்சிட்ட பக்கம் சுரண்டப்பட்டு, வெளிச்சம் ஊடுருவியது. அலுமினியப் பூச்சே போன பிறகு எந்த மென்பொருளும் உதவாது. அதே சாலையில் உள்ள தேக்கா பக்கம் வேறு பிரதி தேடிக்கொண்டிருக்கிறேன்.